முத்த விட்ட வெண்டைக்காய்

என் கூடையில் முத்தல் காய் இருந்தது என்று ஒருத்தரும் சொன்னது கிடையாது. தாம்பரம் மார்க்கெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வெண்டைக்காய் கொண்டுபோய்ப் போட்டவள் நான். வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் சும்மா வாங்க மாட்டார்கள். நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடியாமல் வளைந்தால் அது முத்தல். அப்புறம் அந்தக் கூடைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். என் காய் டக்கென்று ஒடியும். "ஒடிங்க, எத்தினி வேணா ஒடிங்க" என்று நானே எடுத்து நீட்டுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படப்பையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் நிலம். ஐம்பது சென்ட், ஒரு கிணறு. சுற்றிலும் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். என்னுடையதும், பக்கத்தில் என் ஓரகத்தியுடையதும் மட்டும்தான் பச்சையாக இருந்தது. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி. என்னைவிட எட்டு வயது சின்னவள். இரண்டு பேருக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு. அவள் கீரை போடுவாள், நான் வெண்டை போடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை சண்டை போடுவோம், ஐந்து தடவை பேசிக்கொள்வோம்.

என் காயைச் சாப்பிட்டவர்கள் விதை கேட்க ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் விதைக்கடை வைத்திருந்த பாய் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, உங்க வெண்டை விதைய எனக்குக் குடுங்க, நான் கடையில வெக்கறேன்" என்றார். கொடுத்தேன். அவர் அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தார். மேலே 'படப்பை அம்மா வெண்டை' என்று ஒரு சீட்டு ஒட்டினார். கம்பெனி பாக்கெட்டுகள் எல்லாம் பின்னால் தொங்கின. என் பாட்டில் முன்னால் நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இரண்டாவது தடவை விதை கொடுத்த வருடம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கடைக்குப் போனேன். அங்கே திருமுடிவாக்கத்துப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பயிர் வைக்கிறவர். அவர் கையில் ஒரு பிடி ஈர மண். மண்ணுக்குள்ளே ஊதிப்போய், அழுகி, முளைக்காத வெண்டை விதை.

"இந்தம்மாதான்" என்று பாய் என்னைக் காட்டினார்.

"ஆயா, இத பாரு. நாலு வரிசை போட்டேன். ஒரு வரிசைகூட ரொம்பல. மீதியெல்லாம் மண்ணுக்குள்ளயே ஊறி நாறிகினு கீது."

"தண்ணி ஜாஸ்தி வுட்டிருப்ப" என்றேன்.

"எல்லாரும் வுடற தண்ணிதான் ஆயா நானும் வுட்டேன். உன் விதைக்குத் தனியா சீசாவுல புடிச்சி ஊத்தணுமா?"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இவரு மூணாவது ஆளும்மா. மேடவாக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்து சொன்னாரு. மொட்டமாடியில தொட்டி வெக்கறவங்க ஒருத்தங்க வந்தாங்க. எல்லாரும் ஒரே பேச்சுதான், மூணுல ஒன்னுதான் வருதுன்னு. ஏம்மா, இந்த விதை எப்ப பறிச்சது?"

நான் வாய் கூசாமல் சொன்னேன்: "இன்னிக்குக் காலையிலதான் பறிச்சேன்."

கடை முழுக்கச் சிரித்தது. திருமுடிவாக்கத்து ஆள்கூடச் சிரித்துவிட்டார். நான் என்ன செய்வேன், முப்பது வருடமாக 'எப்ப பறிச்சது' என்ற கேள்விக்கு நாக்கில் இருப்பது அந்த ஒரு பதில்தான். காய்க்கு அது சரி. விதைக்கு அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பாய் நல்ல மனிதர். ஆனால் வியாபாரி. எழுந்து போய் என் பாட்டிலை எடுத்து, மேஜைக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆடிப் பட்டத்துக்கு எல்லாரும் விதை கேட்டு வருவாங்க. அதுக்குள்ள நல்ல விதையா குடுங்க, மறுபடியும் வெக்கறேன். ஆனா இந்த வாட்டி நூறு எண்ணி, இங்கயே ஈரச்சாக்குல போட்டுப் பாத்துட்டுத்தான். தொண்ணூறு வந்தா வெக்கறேன். வரலைன்னா கோவிச்சிக்கக் கூடாது, வேற ஊரு விதைய வெச்சிருவேன்."

"தொண்ணூறா?" என்றேன்.

"தொண்ணூறு."

"வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான் காது இரண்டும் சூடாக இருந்தது தெரிந்தது. பணம் போனால்கூடப் பரவாயில்லை. நாலு பேர் முன்னால் என் விதை செத்த விதை என்று ஆகிவிட்டதே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மிச்ச வெண்டை நெற்றுகளை இறக்கினேன். காய்ந்த காயை நெற்று என்போம். ஒன்றை உடைத்தேன். உள்ளே கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. விதை சுருங்கி, சிலது தட்டையாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டினேன். பாதிக்கு மேல் மிதந்தது. மிதக்கிற விதையில் உயிர் ஏது.

கூடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தேன். ஆடியில் போட்டேன். ஆவணிக் கடைசியில் செடி இளசாக, தண்டு திடமாக, பச்சைப்பசேலென்று இருந்தபோது வந்த காயெல்லாம் என்ன ஆயிற்று? மார்க்கெட்டுக்குப் போயிற்று. புரட்டாசிக் காயும் மார்க்கெட்டுக்குப் போயிற்று. ஐப்பசியில் செடி ஆள் உயரம் வளர்ந்து, கீழே இலையெல்லாம் கொட்டி, மூச்சு வாங்குகிறபோது உச்சியில் விரல் நீளத்துக்கு நாலு காய் வந்தது. அதை விற்க முடியாது. சரி, விதைக்கு ஆகட்டும் என்று விட்டேன். நம் பக்கத்தில் ஐப்பசி என்றால் மழை. காய் காய வேண்டிய நேரத்தில் பதினைந்து நாள் நனைந்துகொண்டே நின்றது.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருடம் இதே மாதிரிதானே கொடுத்தேன், அது மட்டும் எப்படி முளைத்தது? அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப் போயின. கிணறு தரை தட்டிய வருடம். மழை இல்லாததால் நெற்று செடியிலேயே நன்றாகக் காய்ந்தது. அப்படியானால் அந்த வருடம் முளைத்தது என் கைராசி இல்லை, வானத்தின் தயவு. இது புரிந்ததும் ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளங்கை குறுகுறுவென்றது. வழி இருக்கிறது என்று தெரிந்துபோன குறுகுறுப்பு.

நல்ல காயையெல்லாம் விற்றுவிட்டு மிச்சத்தை விதை என்று வைத்திருக்கிறேன். ஏன் அப்படி? செடியில் முத்தல் தொங்கினால் எனக்குப் பொறுக்காது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வழித்துப் பறித்துவிடுவேன். அந்தப் பெருமைதான் விதையைக் கெடுத்தது.

விரல் கணுவில் மாதத்தை எண்ணினேன். இப்போது தை. இந்த வாரமே போட்டால் நாற்பத்தைந்து நாளில் பூ, அது பங்குனி. பூவிலிருந்து முழுசாக ஒரு மாதமும் அதற்கு மேல் சில நாளும் விட்டால் சித்திரை. சித்திரையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் பறித்துவிடலாம். திரும்பத் திரும்ப எண்ணினேன். எல்லாத் தடவையும் சரியாக வந்தது. அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் சாப்பிட மறந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அந்த மழையில்லாத வருடத்து விதை சாம்பலில் புரட்டி ஒரு தூக்குச் சட்டியில் இரண்டு பிடி இருந்தது. மறுநாளே பாத்தி கட்டி ஏழு வரிசை ஊன்றினேன்.

ஓரகத்தி வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாக்கா, ஆடில போட வேண்டியத தையில போட்டுகினு கீற? வெயில்ல செடி அப்பளமா பொரிஞ்சிடும்."

"காய்க்குத்தான் ஆடி. இது விதைக்கு."

"விதைக்குன்னு ஒரு தனி மாசம் கீதா?"

"கீதான்னு பாக்கத்தான்டி போடறேன்."

முளைத்தது, வளர்ந்தது. வெயிலுக்குப் பயந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் கட்டினேன். பங்குனி பிறக்கவும் மஞ்சள் பூ வந்தது. செடிக்கு முதலில் வந்த இரண்டு பிஞ்சைக் கிள்ளிப் போட்டுவிட்டேன், செடி இன்னும் கொஞ்சம் பலப்படட்டும் என்று. அதற்கு மேல் வந்தவற்றை விதைக்கு விட்டேன். எந்தப் பூ எந்த நாள் பூத்தது என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு வழி செய்தேன். பழைய புடவையைக் கிழித்து, முதல் வாரத்துப் பூவின் காம்புக்குச் சிவப்புத் துணி, இரண்டாம் வாரத்துப் பூவுக்கு நீலத் துணி கட்டினேன். மூன்றாம் வாரத்துப் பூவுக்குத் துணி கிடையாது. அதைப் பிஞ்சிலேயே பறித்துச் சாம்பாரில் போட்டேன்.

ஏழு வரிசைச் செடியிலும் துணி படபடவென்று ஆடியது. மனை பார்க்க வந்த குடும்பம் ஒன்று காரை நிறுத்தி இறங்கியது. அதில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"இது எந்த அம்மனுங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி, "எங்க அக்காதாங்க அம்மன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அது காதில் விழவில்லை. "வேண்டிக்கினு நானும் ஒரு துணி கட்டலாமா?"

"கட்டும்மா" என்றேன். "ஆனா இன்னிக்குப் பூத்த பூவா பாத்துக் கட்டு."

அவள் நிஜமாகவே தேடிப் பிடித்து, அன்றைக்குப் பூத்த பூவுக்குத் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டுக் கும்பிட்டுப் போனாள். அவர்கள் மனை வாங்கவில்லை. வேறு ஏதோ நல்லது நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காய் பெருத்தது. பறிக்கிற பருவம் தாண்டியது. விரல் நீளம் சாண் நீளமாயிற்று. எனக்கே கை துருதுருவென்று போகும். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வரிசைக்குள் நடப்பேன். ஓரகத்தி வேறு தினமும், "முத்திப்போவுதுக்கா, முத்திப்போவுதுக்கா" என்று காது பக்கத்தில் ஓதுவாள்.

பங்குனிக் கடைசியில் மேடவாக்கத்தில் என் மகள் வாங்கின ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். மூன்று நாள் போக வேண்டியிருந்தது. போகும்போது ஓரகத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தண்ணி மட்டும் கட்டு. வேற ஒன்னையும் தொடாத."

"சரிக்கா, நிம்மதியா போயிட்டு வா."

அங்கே லாரித் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பிடித்து வைத்தோம், ஹோமப் புகையில் கண் எரிந்தது, மாப்பிள்ளை வீட்டாரிடம் சிரித்துப் பேசினேன். மனசு மட்டும் ஏழு வரிசையிலும் நடந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் காலையில் பஸ் இறங்கி நேரே நிலத்துக்குப் போனேன்.

தூரத்திலேயே தெரிந்தது. நாலு வரிசை மொட்டையாக நின்றது. வரப்பில் இரண்டு கூடை நிறைய முத்தல் வெண்டை. கிணற்றடிக் கயிற்றில் சிவப்பும் நீலமுமாகத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"யாருடி பறிச்சது?"

ஓரகத்தி கீரைப் பாத்தியிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள். "நான்தான்க்கா. நீ இல்லாத நேரத்துல முத்தல் தொங்கினா ரோட்டுல போறவன் இன்னா பேசுவான்? தாம்பரமே ஒடிச்சிப் பாத்து வாங்கின காயாச்சே. மீதி மூணு வரிசைய சாயங்காலம் பறிச்சிடலாம்னு கீறேன். துணியெல்லாம் அவுத்து தொவச்சிப் போட்டுட்டேன். சேப்புதான் லேசா சாயம் போயிடுச்சி."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் செய்தது, நான் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்ததுதான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் வந்து குந்தினாள்.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல."

"சொன்ன. கை கேக்கல" என்றாள். ஒரு காயைப் பிளந்து காட்டினாள். "இத பாருக்கா. உள்ள விதை ரொம்பிகினு, முத்து மாதிரி வெள்ளையா கீது. சைஸும் கம்மியில்ல. காய வெச்சா இதுவும் விதைதானே?"

"பூத்து ஒரு மாசம்கூட ஆவலடி."

"நீ இன்னா விதைக்கு டாக்டரா? நான் தனியா காய வெக்கறேன். பாய் கிட்ட ரெண்டையும் குடுப்போம். எது முளைக்குதோ அது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது போலவும் இருந்தது. விதை பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் சும்மா நாள் எண்ணிக்கொண்டு திரிகிறேனோ. எப்படியோ, மூன்று வரிசை தப்பியது. ஆடிக்குப் பாய் கடையில் என் விதை நிற்குமா நிற்காதா என்பது இனி அந்த மூன்று வரிசையில்தான்.

சித்திரை பிறந்தது. காய் பச்சை போய் வெளிறியது. வெளிறல் போய் வைக்கோல் நிறமானது. தினமும் விடிந்ததும் போய் ஒவ்வொரு காயையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. ஒரு நாள் காலையில் சிவப்புத் துணிக் காய் ஒன்றை ஆட்டினேன். உள்ளே சலசலவென்றது. எனக்குப் பத்து வயது குறைந்து போயிற்று. திருப்பிப் பார்த்தால் காயின் பட்டையில், நகத்தால் கீறின மாதிரி மெல்லிசாக ஒரு வெடிப்பு. அதுதான் நேரம். அந்த வெடிப்பு விரிந்துவிட்டால் விதை தரையில் கொட்டிப் போகும். வெடிப்பே வரவில்லை என்றால் விதை இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து தினமும் ஐந்து, பத்து என்று சலசலக்கிற காயை மட்டும் அறுத்து முறத்தில் சேர்த்தேன்.

சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கருத்தது. கோடை மழை. காற்றில் மண் வாசனை வந்துவிட்டது. செடியில் இன்னும் முக்கால்வாசிக் காய் இருந்தது. ஐப்பசியில் நனைந்த நெற்று கண் முன்னால் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அறுபது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்றைக்குத்தான். பின்னாலேயே ஓரகத்தி சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எல்லாத்தியும் பறிச்சிடலாமாக்கா?"

எனக்கும் அப்படித்தான் வாயில் வந்தது. முழுங்கினேன். எல்லாவற்றையும் பறித்தால் வேகாததும் வெந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு வேண்டும்.

"ஆட்டிப் பாரு. பேசினா பறி. பேசலன்னா வுட்டுடு."

"மழை வந்துகினு கீதுக்கா."

"வரட்டும். பேசறத மட்டும் பறி."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தோம். தூசி கண்ணில் அடித்தது. அவள் ஒவ்வொரு காயாகக் காதில் வைத்து, "இது பேசுது, இது பேசுது, ஐயோ இது ஊமைக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஊமைக் காயை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசே வரவில்லை. எனக்கும்தான். நல்ல நீளக் காய்கள் சில, இன்னும் இரண்டே நாள் விட்டால் பேசும், அப்படியே விட்டோம். நடு வரிசை முடிக்கும்போது பெரிய பெரிய துளியாக விழுந்தது. சாக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் நுழையவும் கொட்டவும் சரியாக இருந்தது.

அரை மணி நேரம் பெய்தது. செடியில் விட்டவை எல்லாம் மறுநாளே கருக்க ஆரம்பித்தன. அவற்றை அடுப்புக்குப் போட்டுவிட்டேன். கொஞ்சமும் வருத்தமில்லை. பறித்தவை மட்டும் இரண்டு முறம் நிறைய இருந்தன.

நெற்றை உடைத்து விதையை இரண்டு நாள் நிழலில் பரப்பினேன். பிறகு காலை வெயிலில் பதினோரு மணி வரைக்கும்தான். உச்சி வெயில் ஏறினால் உள்ளே தூக்கி வைத்துவிடுவேன், மூன்று மணிக்கு மேல் மறுபடி வெளியே. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. நமக்கே அந்த வெயிலில் தலை சுற்றுகிறது, விதைக்குச் சுற்றாதா. ஓரகத்தி தன்னுடைய விதையை சிமெண்ட் தரையில் நாள் முழுக்கப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். அவள் விதையும் காய்ந்தது. ஆனால் முத்து மாதிரி இருந்தது சுண்டி மிளகு மாதிரி ஆகிவிட்டது. என்னுடையது பருத்து, கரும்பச்சையாக இருந்தது. பல்லில் வைத்துக் கடித்தால் பட்டென்று உடைந்தது.

வைகாசி முதல் வாரம் இரண்டு பையையும் பாயிடம் கொடுத்தோம். ஒரு பையில் ஓரகத்தி விதை, ஒன்றில் என்னுடையது. அவர் எங்கள் முன்னாலேயே ஒவ்வொன்றிலும் நூறு எண்ணினார். ஈரச்சாக்கு இரண்டில், பத்துப் பத்தாகப் பத்து வரிசை வைத்து, கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக் கட்டினார். எது யாருடையது என்று சாக்கின் நுனியில் ஒரு முடிச்சும் இரண்டு முடிச்சுமாகப் போட்டார். பின்பக்கம் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இரண்டையும் வைத்தார்.

நாலாம் நாள் செல்போன் அடித்தது.

"அம்மா, பாய் பேசறேன். வெள்ளையா எட்டிப் பாக்குது."

"எந்தச் சாக்குல பாய்?"

"அத சொல்ல மாட்டேன். எட்டாம் நாள் நீங்களே வந்து எண்ணிக்கங்க." வைத்துவிட்டார். அந்த நாலு நாளில் நான் ஒரு வேலையை உருப்படியாகச் செய்திருந்தால் கேளுங்கள். சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

எட்டாம் நாள் ஓரகத்தி தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி வந்தாள். "எனுதுதான் ஜெயிக்கும் பாருக்கா" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னாள். கடையில் அன்றைக்கும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாய் வேண்டுமென்றே கூப்பிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு சாக்கையும் மேஜைமேல் வைத்து, முதலில் அவளுடையதை அவிழ்த்தார்.

"நீயே எண்ணும்மா" என்றார்.

அவள் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முதல் வரிசையில் நாலு. இரண்டாவதில் மூன்று. பாதிக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவு நேர்மை அவளுக்கு. மொத்தம் முப்பத்தொன்று. வந்தவையும் நூல் மாதிரி மெலிந்து கிடந்தன.

"எட்டு மாசத்துலயே பெத்துட்டேன் போல கீது பாய்" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்ட கை மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு என் சாக்கு. நான் எண்ணவில்லை. பாயை எண்ணச் சொன்னேன். அவர் சாக்கைப் பிரிக்கும்போதே வெள்ளையாக, தடியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தது தெரிந்தது. ஆனாலும் தொண்ணூறு என்பது தொண்ணூறுதானே.

"முத வரிசை ஒம்போது. ரெண்டாவது பத்து. ஒம்போது. பத்து. பத்து." நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆறாவது எட்டு."

ஓரகத்தி என் முழங்கையை நசுக்கினாள். "கூட்டுங்க பாய், சீக்கிரம் கூட்டுங்க" என்றாள். இப்போது அவள் என் கட்சி.

"பத்து. ஒம்போது. பத்து. கடைசி ஒம்போது." உதடு அசைய மனசுக்குள் கூட்டினார். திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து எண்ணினார். பிறகு கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தொண்ணூத்தி நாலு."

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பாய் என் பையைத் தராசில் போட்டுக்கொண்டே எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். தையில் போட்டதிலிருந்து சித்திரையில் ஆட்டிப் பார்த்தது வரைக்கும் சொன்னேன். நடுநடுவே ஓரகத்தி, தான் மழையில் பறித்த கதையைச் சொருகினாள், நாலு வரிசையை மொட்டையடித்த கதையை மட்டும் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். கத்தரிக்காய் விதையும் இதே மாதிரி எடுக்க முடியுமா என்று பாய் கேட்டார். "அது பழுத்து மஞ்சளாவணும் பாய், அதுக்கு வேற கணக்கு, போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போதே விரல் கணுவில் மாதம் ஓட ஆரம்பித்துவிட்டது.

கிளம்பும்போது பாய் இரண்டு சாக்கையும் எடுத்துக் குப்பைக் கூடைக்குப் போனார்.

"இன்னா பாய் பண்றீங்க?"

"எண்ணியாச்சேம்மா. இனி இது எதுக்கு?"

"குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறதைக் குப்பையில் போடவா. மறுபடி நனைத்துச் சுருட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மடியிலிருந்து முட்டி வரைக்கும் ஈரம் இறங்கி, கண்டக்டர் என்னவோ என்று பார்த்தார். இரும்புலியூர் தாண்டவில்லை, அதற்குள் சாக்கைப் பிரித்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஓரகத்தி தன்னுடைய சாக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் கிணற்றடிக்குப் பக்கத்திலேயே பாத்தி கட்டினோம். குச்சியால் துளை போட்டு, வேர் ஒடியாமல் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஓரகத்தி தன் முப்பத்தொன்றையும் கொண்டுவந்தாள்.

"உன் வரிசையிலயே ஓரமா வெச்சிக்கறேன்க்கா. எதுவோ ரெண்டு பொழைக்கும்."

"அந்தப் பக்கம் தனியா வை" என்றேன்.

"ரெண்டும் ஒரே பாத்தியில காய்ச்சதுதானேக்கா?"

"காய்ச்சது ஒன்னுதான். பறிச்சது வேற. தனியா வை."

முணுமுணுத்துக்கொண்டே வரப்புக்கு அந்தப் பக்கம் போனாள். ஆனால் தண்ணீர் கட்டும்போது மடையை முதலில் அவள் பக்கம்தான் திறந்துவிட்டேன்.